ஒரு கிலோ நானூறு கிராம்

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும்
எங்கள் ஒழுங்கையில்
ஞாயிறு தவறாமல் வரும் குரல்:
"போத்தல்... பத்தர..."
இன்றைக்குத்தான் கூப்பிட்டேன்.

மூன்று மாடி ஏறி வந்த பியதிலக்க
மூச்சு வாங்கியபடி கதவடியில் குந்தினான்.
அலுமாரியின் மேல்தட்டிலிருந்து
அந்த நீல ஃபைலை இறக்கினேன்.

ஒன்பது வருஷம்.
வங்கிக் கணக்கு, பொலிஸ் ரிப்போர்ட்,
காலாவதியான மருத்துவச் சோதனை இரண்டு,
நம் உறவு உண்மையென்று காட்ட
திகதி போட்டு அச்செடுத்த கடிதங்கள்,
கலியாணப் படம் பதினாறு.
ஒன்றிலும் நீ என்னைப் பார்க்கவில்லை.
தூதரக அதிகாரி அதைக் கவனிக்கவில்லை.
நானுந்தான்.

தராசுக் கொக்கியில் மாட்டினான்.
முள் ஆடி ஆடி
ஒன்று நானூறில் நின்றது.
"பிளாஸ்டிக் எடுக்கிறதில்ல நோனா."
தாள் தாளாய் உருவி
வெறுங் கவர்களை என்னிடமே தந்தான்.
உருவும்போது விழுந்த படத்தைச்
சாரத்தில் துடைத்து நீட்டினான்.
"மாத்தயா?"
"முந்தி" என்றேன்.
"ஐயோ, பவ்!" என்று தலை குனிந்தான்.
நீ சாகவில்லையென்று சொல்லுமளவுக்கு
எனக்குச் சிங்களம் தெரியும்.
சொல்லவில்லை.

ரொறன்ரோவில் வாசல் பனியை வழித்துக்கொண்டு
நலமாய்த்தான் இருப்பாய், பிரணவன்.
"இனி இழுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு
நான் அழுவேனென்று லைனில் காத்திருந்தாய்.
எனக்கோ
அடுப்பில் பால் பொங்கிவிடும் என்ற கவலை.
பொங்கியும் விட்டது.
துடைக்க ஒரு மணித்தியாலம்.
அழுதது அப்போதுதான், அடுப்போடு.

சுவரில் இரண்டு மணிக்கூடு.
ஒன்று இங்கத்தையது. மற்றது உன்னது.
மார்ச்சில் ஒருக்கா, நவம்பரில் ஒருக்கா
கதிரை வைத்து ஏறி
உன் ஊர் நேரத்தைத் திருத்துவேன்.
அதைப் பார்த்தே சோறு தின்றேன்,
அதைப் பார்த்தே தலை முழுகினேன்.

அதையும் கழற்றிக் கொடுத்தேன்.
"ஓடுதே நோனா, ஏன்?"
"ஓடுது. நேரம்தான் பிழை."
காதில் வைத்துக் கேட்டான்.
பின்பக்கத் திருகைத் திருப்பி
தன் கைபேசி நேரத்துக்கு வைத்தான்.
அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இல்லை.
"வீட்டுச் சுவருக்கு நல்லம்" என்று
பேப்பர் கட்டின் மேல் வைத்துக்கொண்டு
படியிறங்கினான்.

அவன் தந்தது எண்பத்துநான்கு ரூபா.
பொத்திப் பிடித்தபடி நானும் இறங்கினேன்.
மரைன் டிரைவைத் தாண்டி,
பாணந்துறை ரயில் போகும்வரை நின்று,
தண்டவாளம் கடந்தேன்.

இத்தனை வருஷமும் இந்தக் கடல்
இடையில் கிடக்கிற தூரம் மட்டுமே.
இன்றைக்குக் காலை நனைத்தது.
சேலைக் கரையையும் நனைத்தது, சனியன்.

நேரம் பார்க்கவில்லை.
பசித்தது.
இறால் வடை நூறு ரூபாவாம்.
மிச்சம் பதினாறையும்
கைக்காசிலிருந்து போட்டேன்.