பதினொன்றாவது திருகாணி

பதினோரு திருகாணி.
தேநீர்த் தட்டில் வட்டமாக வைத்தேன்,
கழற்றிய வரிசையிலேயே.
விசைப்பலகையின் இடுக்கெல்லாம் மாவு.
ஊதினேன்; லம்சீரா இருமினாள்.
"ரொட்டிக்கடைக் கணினி
வேறு எப்படி இருக்கும், மெராப்?"

பழைய வட்டு ஒரு வாரமாக டிக் டிக் என்றதாம்.
வியாழக்கிழமை நின்றுவிட்டது.
வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் லேசாகச் சுட்டது.
அடுப்புச் சூடுதான்,
வேறொன்றும் இல்லை.

அதில்தான் இருந்தது
சியாத்தூராவின் இந்த மேட்டுத் தெரு முழுவதும்
அவளுக்குத் தரவேண்டிய பாக்கி.
யாருக்கு எத்தனை ஷோத்தி, எந்தத் தேதி.
நகல்?
"நகல் எடுக்கணும் என்று யாரும் சொல்லவில்லையே."
யாரும் என்றால் நான்தான்.
சொல்லவில்லை.

பென்டிரைவைச் செருகி
எஃப் பன்னிரண்டை அழுத்தியதும்
கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின.
மொழி கேட்டது, சொன்னேன்.
நேரம் கேட்டது.
உலகப்படத்தில் திபிலீசி ஒரு புள்ளி,
எங்கள் பள்ளத்தாக்குக்கு அதுவும் இல்லை.
பிறகு,
வட்டு முழுவதையும் அழிக்கலாமா?
அழித்தால் எதையும் மீட்க முடியாது.

குத்தாயிசிச் சந்தையில் வாங்கிய புது வட்டு.
அழிக்க அதில் ஒன்றுமே இல்லை.
ஆனாலும் விரல் நின்றது.

செத்த வட்டின் பட்டியலில்
பதினேழாவது வரி நான்.
ரோப்காரை நிறுத்தி
மெக்கானிக்குகளை வீட்டுக்கு அனுப்பிய மாதத்திலிருந்து
என் வீட்டு ரொட்டி அங்கேதான் ஏறியது.

சரி என்று அழுத்தினேன்.

அறுபத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.
பேட்டரி செத்து மூன்று வருஷம்.
இருட்டில் அடுப்பு வாய் மட்டும் சிவப்பு.
லம்சீரா இடுப்புவரை குனிந்து
உள்சுவரில் மாவை அறைந்துகொண்டிருந்தாள்.
"போச்சா?"
"போச்சு. முதலிலிருந்து."
"உனக்கென்ன, ராத்திரி முழுக்கக் கதகதப்பு."

இரண்டரை மணிக்கு மறுபடியும்
மொழி, நேரம், அழிக்கலாமா.
இந்த முறை விரல் நிற்கவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

விடியும்போது ஒரு நீலத் திரை.
மூலையில் குப்பைத்தொட்டி,
அதுவும் காலி.
திருகாணி பத்துதான் உள்ளே போனது.
பதினொன்றாவது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்து நின்றாள்.
"யாருக்கு எவ்வளவு என்று
கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது."
திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்,
என்னைப் பார்த்து இல்லை.

புது அட்டவணை திறந்தேன்.
முதல் கட்டத்தில் என் பெயர்.
பக்கத்துக் கட்டத்தில்
அறுபத்தெட்டு லாரியா, நாற்பத்திரண்டா?
மறந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்கு
நன்றாக ஞாபகம் இருந்தது.
கர்சர் துடித்தது.
நாலைத் தட்டினேன்.

அவள் சுடச்சுட ஒரு ஷோத்தியைப் பிய்த்து
பாதியை என் பக்கம் தள்ளினாள்.
"இதையும் சேர்த்து எழுது."

நாலை அழித்தேன்.
விரலில் மாவு ஒட்டியது.