ஒற்றைச் சிறகின் விலை

தீப்பிடித்த கிடங்கென்றால்
கரியை முகர்ந்து பார்ப்பேன்.
தரைதட்டிய கப்பலென்றால்
பூட்ஸ் நனைய ஏறிப்போவேன்.
லண்டனில் இருபத்தோரு வருடமாக
இழப்பை அளப்பது என் பிழைப்பு.
இந்த முறை போக வழியில்லை.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்,
நேர் மேலே.

மேசையில் ஒரே ஒரு வரைபடம்:
விறுவிறுவென்று ஏறவேண்டிய மின்சாரக் கோடு
பாதியில் களைத்து
படுக்கைவசமாக நீள்கிறது.
இடது சிறகு விரிந்தது.
வலது விரியவில்லை.
தடயம் அவ்வளவுதான்.

துலூஸ் போனேன்.
கீலைப் பூட்டிய மைலிஸ்
தலைமுடி வலையைக் கழற்றாமலே பேசினாள்.
வெற்றிட அறையில் முப்பத்திரண்டு முறை திறந்தோம்,
முப்பத்திரண்டு முறையும்
பூனை சோம்பல் முறிப்பதுபோல் விரிந்தது.
கடைசியாக மடித்து வைத்தது நான்தான்.
சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.
அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கூரூவில் ஒதிலோன்,
ஏவுதளத்துக்குப் பேருந்து ஓட்டுபவன்,
அலையாத்திச் சேற்றில்
நண்டுப் பையோடு நின்று அண்ணாந்தானாம்.
"எங்கள் வேலை சுத்தம்" என்றான்.
உண்மைதான்.
அவர்கள் விற்றது உயரம்.
உயரத்தைக் கொடுத்தார்கள், பணத்தை எண்ணினார்கள்.
அவன் வீட்டு நண்டுக் குழம்பில்
அன்றிரவு விசாரணையை மறந்துபோனேன்.

ராக்கெட் கட்டியவர் சாட்டிலைட் கட்டியவரைக் காட்டினார்,
அவர் கீல் விற்றவரை,
கீல் விற்றவர் மசகு விற்றவரை.
மசகு விற்றவர்
பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார்.

அயர்லாந்தில், தட்டு ஆண்டெனாவின் கீழே,
கோர்மக் பதினோரு இரவு தூங்கவில்லை.
வெயிலுக்குத் திருப்பினான், நிழலுக்குத் திருப்பினான்,
உலுக்கினான்,
இறுகிய ஜாடி மூடியை
வெந்நீரில் காட்டித் திருகுவதுபோல.
பன்னிரண்டாம் இரவில்
அலைவரிசைக்கு முன்பணம் கட்டியிருந்த
தொலைக்காட்சிக்காரர்கள்
மூட்டை கட்டிக்கொண்டு
வேறு சாட்டிலைட்டுக்குக் குடிபோனார்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன்.
பாதி இறந்த யானைக்கு?
அந்தக் கணக்குக்குத்தான் எனக்குச் சம்பளம்.

முழு இழப்பு என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.
இருபத்தேழு நிறுவனங்கள்
நஷ்டத்தை ரொட்டிபோல் வெட்டிப் பகிர்ந்துகொண்டன.
பணம் கைமாறிய மறுநாள்
சட்டப்படி அது எங்களுடையது:
நாற்காலியை விட்டு எழாத கூட்டத்துக்கு
வானத்தில் ஒரு நொண்டிச் சொத்து.

இன்னும் முந்நூறு கிலோமீட்டர் மேலே தள்ளிவிடலாம்,
செத்தவை சுற்றும் பாதைக்கு,
என்றார் ரோட்ரிக்.
டாங்கியில் எரிபொருள்
பதினான்கு வருடத்துக்குத் தளும்பிக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது டோங்காவிலிருந்து
இரண்டே பக்கத்தில் ஒரு கடிதம்.
கால்பந்து நேரலை வேண்டாம்.
சினிமா வேண்டாம்.
பாதி மின்சாரம் எங்களுக்குத் தாராளம்.
என்ன விலை?

ஒரு ஆண்டெனாவின் விலைக்கும் குறைவாக விற்றோம்.
விற்ற வெட்கத்தில்
ஒருவரையொருவர் பார்க்காமல் காபி குடித்தோம்.
ஐந்து மாதம் அது
ஒற்றைச் சிறகோடு கிழக்கே நகர்ந்து
பசிபிக்கின் மேல் போய் நின்றது.

ஹாபாய் தீவொன்றில் சேய்னி என்ற செவிலி
மழை கூரையை உடைக்கும் ஓர் இரவில்
குழந்தையொன்றின் நெஞ்சு எக்ஸ்ரேயைத்
தலைநகருக்கு அனுப்பினாள்.
மெல்ல, மிக மெல்லப் போனது படம்.
போய்ச் சேர்ந்தது.
மேலே கீல் சிக்கியது அவளுக்குத் தெரியாது,
தெரிய வேண்டியதுமில்லை.
குழந்தை என்னவானது என்று
எனக்கும் தெரியாது.

என் மின்னஞ்சல் முகவரியை
பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்கள்.
மாதா மாதம் வருகிறது அந்த வரைபடம்.
அதே கோடு, அதே பாதி உயரத்தில்.
ஒருநாளும் ஏறவில்லை.
இறங்கவும் இல்லை.

போன மாதத்துப் பிரதியை
மைலிஸுக்கு அனுப்பினேன்,
ஒரு வரியும் எழுதாமல்.