பத்தொன்பது கிலோ எழுநூறு

மடத்துச் சீட்டில் எடை எழுதும் கட்டம் காலியாயிருந்தது.
பாம்பனில் எங்கள் பக்கம் நம்பக்கூடிய தராசு
மீன் ஏலக்கூடத்தில்தான்.
ஐஸ் ஒழுகிய தட்டைக் கழுவி, சாக்கு விரித்து
டிலுக்ஷியை உட்காரவைத்தேன்.
பத்தொன்பது கிலோ எழுநூறு.
"ஒரு கூடை நகரை" என்றான் தராசுக்காரன் சூசை,
சொன்ன பிறகு தலையைச் சொறிந்தான்.

தேயிலைத் தோட்டத்தில் மலை இறங்கிய இரவு
லயத்து வீட்டோடு புதைந்து
பதினோரு மணி நேரம் கழித்து எடுத்த பிள்ளை.
தம்பியை மறுநாள் எடுத்தார்கள்.
சேறு போன நெஞ்சில் இருமல் தங்கிவிட்டது.
நாற்பது நாள் கடல்காற்று, மீன், முட்டை, தூக்கம் என்று
கன்னியர்கள் பட்டியல் கொடுத்திருந்தார்கள்.
தனுஷ்கோடியில் நின்றால் ராத்திரி விளக்குத் தெரிகிற நாடு.
கொழும்பு, மதுரை என்று ஆகாயத்தைச் சுற்றி
வந்து சேர்ந்தாள், கழுத்தில் அட்டை தொங்க.

தடைக்காலம். வீட்டில் வரும்படியில்லை.
அமலோற்பவம் மூன்றாவது தட்டைப் புளிபோட்டு விளக்கினாள்.
தெருவில் கேட்டார்கள்:
"ஒம் போட்டப் புடிச்சு வச்சிருக்கிற நாட்டுப் புள்ளைக்கா
நீ சோறு போடுற, இன்னாசி?"
நியாயமான கேள்வி.
நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் முரல் ஆய்ந்தேன்.

முதல் இரவு, பாலத்தில் ரயில் ஏறியது.
எங்கள் காதில் அது விழுவதே இல்லை.
அவள் பாயிலிருந்து எழுந்து
தெருவைத் தாண்டி, வலைக்குவியல் தாண்டி
முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள்.
மலை இல்லாத பக்கம் பார்த்து ஓடியிருக்கிறாள்.
மறுநாளே ரயில் நேரம் அமலோற்பவத்துக்கு மனப்பாடம்.
"வண்டி வருது தாயி" என்பாள், சத்தத்துக்கு முன்னால்.
இரண்டு வாரத்தில் தெருவே சொன்னது,
கேள்வி கேட்டவன் உட்பட.

பேச்சு குறைவு. பாண் என்பாள், தேத்தண்ணி என்பாள்.
ஒரு மத்தியானம் இருமி இருமிக் கண் சிவந்தபோது
செம்பை நீட்டி, என்னை அறியாமல்
"வத்துர" என்றேன்.
நிமிர்ந்தாள். "மாமாவுக்குச் சிங்களம் தெரியுமா?"
ஐந்து சொல் தெரியும்.
தண்ணீர், சோறு, வரிசை, எழும்பு, உட்கார்.
எங்கே படித்தேனென்று சொல்லவில்லை,
நூற்றுப்பதினாறு நாள், கம்பிக்கு உள்ளே.
ஐந்தையும் சொல்லிக் காட்டினேன். ஐந்தும் தப்பாம்.
சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
இருமல் திரும்பவும் சிரிப்பாகி.
அடுப்படியிலிருந்து அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள்.
அந்த ஐந்து சொல்லை அவளும் அன்றுதான் கேட்டாள்.

அப்புறம் தினமும் எனக்குப் பாடம்.
"நாக்கை மடக்குங்க மாமா."
உட்காரச் சொல்வதற்கு
மரியாதையாய் ஒரு சொல் இருக்கிறதாம்.
எனக்குத் தெரிந்தது மற்றது.

"உங்க போட் எங்க மாமா?"
"உங்க நாட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கு."
"எப்ப வரும்?"
"நல்லாக் கவனிக்கிறாங்க போல. விடமாட்டேங்கிறாங்க."
யோசித்தாள். "என்ன கலர்?"
"பச்சை. முன்னால அந்தோணியார் படம்."

கடைசி ஞாயிறு, இருபத்திரண்டு கிலோ நூறு.
சூசை இரண்டு தரம் நிறுத்தான். மீன் பேர் சொல்லவில்லை.
அதே பிள்ளையை மறுவருஷம் அனுப்பமாட்டார்களாம், விதி.
விமானத்தில் விடமாட்டார்கள் என்று தெரிந்தும்
துணிக்கு நடுவே கருவாட்டுப் பொட்டலம் வைத்தாள் அமலோற்பவம்.

கடல் திறந்தது. அடுத்தவன் போட்டில் கூலிக்குப் போகிறேன்.
போன வாரம் மடத்து ஃபோனில் அவள் குரல்.
கட்டுநாயக்கவில் இறங்கி பஸ்ஸில் போகையில்
கடல் தெரிந்ததாம். நிறைய போட் நின்றதாம்.
ஜன்னலோரம் எண்ணிக்கொண்டே போனாளாம்.
வெள்ளை, நீலம், மஞ்சள்.
"பச்சை ஒண்ணுகூட இல்ல மாமா.
நான் நல்லாப் பாத்தேன்."

அது நீர்கொழும்பு, பிள்ளை.
என் போட் கிடப்பது வடக்கே, எட்டு மணி நேரம் தள்ளி,
மயிலிட்டியில், பாதி தண்ணீருக்குள்.
அதைச் சொல்லவில்லை.
நன்றிக்கு அவள் சொல்லித்தந்த சொல்லை மட்டும்
பதிலாய்ப் பேசி அனுப்பினேன்,
நாக்கை மடக்கி.