மாதிரி எண் 84

மஞ்சக்குப்பத்தில் அமிர்தவல்லியின் ரத்தப் பரிசோதனைக்கூடம்
ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பூட்டும்.
பூட்டிய பின் அது எங்கள் சங்க அலுவலகம்.
வாடகை கிடையாது, ஏசி போடக் கூடாது,
சென்ட்ரிஃப்யூஜ் மேல் டீ டம்ளர் வைக்கக் கூடாது.

மைசூர்பாகு வந்த அட்டைப்பெட்டியில்
நூற்றுப் பதினோரு சீட்டுகள்.
‘வரும் ஆண்டு சங்கம் என்ன செய்யலாம்?
பெயர் எழுத வேண்டாம்.’
உறுப்பினர்கள் முந்நூற்று நாற்பது பேர்.
மிச்சப் பேர் மனதில் இருப்பதைச் சொல்லும் பரிசோதனை
இன்னும் வரவில்லை.

தொழில் பழக்கம். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும்
மாதிரி எண் போட்டேன்.
பரங்கிப்பேட்டை ஹாஜா நஜ்முதீன் வாசிக்க, நான் கோடு போட,
தலைவர் தனகோட்டி
போன வருடத் திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றி
டைப் அடித்துக்கொண்டு வந்திருந்தார்,
மடிப்புக் கலையாமல், சட்டைப்பையில்.

ஒன்பது: சாம்பாரில் உப்பு.
பத்தும் அதேதான், கூடவே வடை.
இருபத்திரண்டு: பொன்னாடையை நிறுத்துங்கள்,
வீட்டில் பதினாலு இருக்கிறது.
முப்பத்தொன்று: ஆண்டு விழா ஏன் புதுச்சேரி ஓட்டலில்?
திட்டக்குடியிலிருந்து மூன்று பஸ், ஒரு நாள் சம்பளம்.
நாற்பது: புதுச்சேரியிலேயே வையுங்கள், ப்ளீஸ்.
ஹாஜா தலை நிமிராமல் அடுத்ததை எடுத்தார்.

ஐம்பத்தெட்டு: நைட் டூட்டி முடிந்து நேரே வருகிறேன்.
நீங்கள் மேடையில் பேசுங்கள், நான் தடுக்கவில்லை.
பின்வரிசையில் எனக்கு இரண்டு நாற்காலி.

எழுபது, நாலாய் மடித்த வெற்றுத்தாள்.
அதற்கும் எண் உண்டு.
குழாய் காலியாக வந்தாலும் பதிவேட்டில் ஏற்றவேண்டும்.

எண்பத்து நாலில் ஹாஜா நிறுத்தினார்.
வாசிக்காமல் என்னிடம் நீட்டினார்.

‘மார்ச் மாதம் ஊசி குத்திவிட்டது.
முதலாளியிடம் சொன்னால் வேலை போகும்.
வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள்.
ஆறு மாதம் என் ரத்தத்தை நானே எடுத்து
வேறு பெயர் போட்டுப் பார்த்தேன்.
நெகடிவ்.
அந்த ஆறு மாதமும் பேச ஓர் ஆள் இல்லை.
சங்கம் இதற்கு ஏதாவது’

அவ்வளவுதான். தாளில் இடம் இருந்தது.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.
‘ழ’வின் வாலை உள்ளே சுருட்டிக்கொள்ளும்.
கெடிலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரும் குழாய்களில்
எத்தனை லேபிள் பார்த்திருப்பேன்.
பெயர் நாக்கு வரை வந்தது.
எழுத வேண்டாம் என்று சொன்னது நாங்கள்தானே.
ஹாஜா என் முகத்தைப் பார்த்தார், அவருக்கும் தெரியும்போல.
எண்பத்தைந்து, என்றேன்.

எண்பத்தைந்து: காலண்டர் அடித்துத் தாருங்கள்.

கோடுகளைக் கூட்டினோம்.
சாம்பாருக்கு இருபத்தாறு,
பயிற்சி வகுப்புக்குப் பத்தொன்பது,
ஊசிக்கு ஒன்று.
தனகோட்டி அண்ணன் நேர்மையான மனிதர்.
“மெஜாரிட்டிப்படி சமையல்காரரைத்தாம்மா மாத்தணும்.”
“ஸ்லைடு முழுக்க நல்ல செல் இருக்கும்ணே,
ஒரே ஒரு மலேரியாக் கிருமி கண்ணில் பட்டா
ரிப்போர்ட்ல எதை எழுதுவோம்?”
அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.
அப்புறம் சட்டைப்பைத் தாளை எடுத்துக் கவிழ்த்து
வெள்ளையாக இருந்த பக்கத்தில் எழுதச் சொன்னார்.

பிப்ரவரி, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, முதல் தவணை.
மார்ச், இரண்டாவது. ஆகஸ்டு, மூன்றாவது.
செலவு சங்கத்துடையது, பொன்னாடைக் கணக்கிலிருந்து.
ஜூன் கூட்டம் விருத்தாசலத்தில்.
அக்டோபர் நவம்பருக்குத் திட்டம் வேண்டாம்,
புயல் என்ன நினைக்கிறதோ.
டிசம்பர், ஆண்டு விழா. வேறு சமையல்காரர்.
பின்வரிசைக்குக் கூடுதல் நாற்காலி.

எல்லா மாதத்துக்கும் குறுக்கே ஒரு வரி:
ஊசி குத்தினால், எந்நேரமும், இந்த எண்.
எந்த எண் என்று கேட்டார் தலைவர்.
சம்பளமில்லாத செயலாளர் நான்,
என் தூக்கத்துக்கு யாரிடமும் லீவு கேட்க வேண்டாம்.
எழுதினேன். கீழே ஹாஜா தன்னுடையதை எழுதினார்.

பொங்கல் கழித்து ஒரு செவ்வாய்,
இரவு பதினொன்றே முக்கால்.
“அக்கா, இந்த வருஷம் சாம்பார் யாரு?”
சொன்னேன்.
சரிக்கா என்றது குரல்.
போனை வைக்கவில்லை.
நானும் பெயர் கேட்கவில்லை.