உச்சிப்புளி கேட்டில் நின்ற படகு

கடலில் ஒருநாளும் கவிழாத படகு
உச்சிப்புளி ரயில்வே கேட்டருகே
ஒருபக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது.
டிரெய்லரின் இடது சக்கரம்
தனியே ஓடிப்போய்
கருவேலம் புதரில் படுத்துக்கொண்டது.

பேரிங்கைப் பிரித்தார் கிளாடியஸ்.
கிரீஸ் இல்லை.
துருச்சேறும் ஒரு கை
மண்டபத்துக் கடலும் இருந்தன.

"ஓடிவந்த சூட்டோட
தண்ணியில இறக்குனீகளா?"
ஆமாம்.
அன்றைக்குக் காற்று அப்படி.
பாய் பொறுக்கவில்லை.

இப்போது கரை சேர்ந்ததும் முதலில் டீ.
சக்கரக் குடத்தில் கைவைத்துப் பார்ப்பேன்,
சூடென்றால் இன்னொரு டீ.
கச்சான் காத்திருக்கட்டும்.

வீடு திரும்பியதும்
நல்ல தண்ணீர் இரண்டு குடம்,
படகுக்கு அல்ல.
குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கும் தெருவில்
அச்சைக் கழுவுகிறேன்,
கித்தேரி
கடைக்குப் போன நேரம் பார்த்து.