அவிழாத பூட்ஸ்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கூஹ்மோ ஏரியின் பனிக்கட்டி விரிசல் விட்டு
நீளமாய் முனகுகிறது.
எனக்கோ முழங்காலுக்குக் கீழே
கொதிக்கிற தார்.

குத்துகிறதா, எரிகிறதா, வெட்டி இழுக்கிறதா,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்கிறார்
கயானி ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்.
ஆறு என்கிறேன்.
போன மாதமும் ஆறுதான்.
பத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.
இதைவிட மோசமாய் ஏதாவது வந்தால்
கையில் ஓர் எண் இருக்க வேண்டுமே.

விழுந்தது பெரிய கதையில்லை.
மார்ச் மாதம். சவுனாக் கூரையில் இடுப்பளவு பனி.
ஏணியைப் பிடிக்க ஆளில்லை,
தவ்னோ காப்பித்தூள் வாங்கப் போயிருந்தான்.
முதலில் மண்வாரி வழுக்கியது, பிறகு நான்.
விறகுக் குவியல்மேல் முதுகு.
அவன் வந்து குனிந்தபோது
"என் கால் எங்கே" என்றுதான் கேட்டேனாம்.

வரும் மார்ச்சில் ஏழு வருடம்.
இரவானால் இரண்டையும்
ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கட்டிலில் போடுகிறேன்,
விருந்துக்கு வந்து தூங்கிப்போன
அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளைப்போல.
ஊசி குத்தினால் தெரியாது.
பூனை ஏறிப் படுத்தால்
அதன் குறட்டை கேட்டுத்தான் தெரியும்.
ஆனால் இரண்டு மணிக்கு
யாரும் மூட்டாத நெருப்பொன்று
குதிகாலில் பற்றி மேலே ஏறும்.

டிசம்பரில் ஒருநாள்
அடுப்பிலிருந்து கங்கு தெறித்து
வலது காலின் கம்பளியுறையில் விழுந்தது.
நான் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.
மயிர் பொசுங்கும் வாடை.
பூனையோ என்று தேடினேன்.
குனிந்து பார்த்தால், என் சதை வெந்திருந்தது.
மெய்த்தீக்கு வாய் திறக்காத கால்
பொய்த்தீக்கு ஊரைக் கூட்டுகிறது.
இந்த மெய்யை இனி
எதை வைத்து நம்புவது?

மாத்திரை நாக்கை உலர்த்துகிறது.
சொற்களையும் திருடுகிறது.
நேற்று 'கரண்டி' என்ற சொல்லைத் தேடி
கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே
ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
வலியை மட்டும் தொடாத திருடன்.

"வலிக்கிறதா? நல்லதாச்சே,
கால் திரும்பி வருகிறது போல"
என்றாள் பக்கத்து வீட்டு ஹில்க்கா.
அவளுக்கு இன்னொரு துண்டு
கம்பு ரொட்டி வெட்டிக் கொடுத்தேன்.
வேறென்ன செய்ய.

இன்றிரவு ஏழு. இல்லை, எட்டு.
பூட்ஸ் போட்டிருக்கிறேன்.
அன்றைக்குப் போட்டிருந்த அதே பூட்ஸ்.
உள்ளே பனி புகுந்து, பனியே தணலாகி,
கயிறு இறுகிக்கொண்டே போகிறது.
ஆம்புலன்ஸில் அவற்றைக்
கத்தரித்து எறிந்தார்கள்.
எனக்குத் தெரியும்.
தெரிந்து என்ன?

"தவ்னோ, பூட்ஸைக் கழற்று."

விளக்கைப் போட்டான்.
வெறுங்காலைப் பார்த்தான்.
முதல் வருடமென்றால்
"அங்கே ஒன்றுமில்லை ராய்லி" என்றிருப்பான்.
கட்டிலடியில் மண்டியிட்டான்.
அவன் முட்டி சொடுக்கியது கேட்டது.
காற்றில் ஒரு முடிச்சைத் தேடிப் பிடித்து
நகத்தால் நெம்பினான்.
இளகவில்லை போலிருக்கிறது,
ஏதோ வசவை முணுமுணுத்தான்.
கண்ணி கண்ணியாய்க் கயிற்றை உருவி,
குதியைப் பிடித்து இழுத்து,
உள்ளேயிருந்த பனியைத் தட்டிக் கொட்டி,
ஒன்றைக் கதவோரம் வைத்தான்.

"அது வலது" என்றேன்.

"இடதில் முடிச்சு நனைந்திருக்கிறது.
நேரமாகும்."

எரிச்சல் குறையவில்லை.
ஏழரை என்று வேண்டுமானால் சொல்லலாம்,
அவனுக்காக.
ஏரி மறுபடி முனகியது.
மணி மூன்றரை.
தரையில் உட்கார்ந்து
இடது பூட்ஸோடு
இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.