அரைப்பேர்

ஹட்டன் டன்பார் மைதானம். மேடைக்குப் பின்னால்
தார்ப்பாய்க் கூடாரம்.
மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்தது.
சவுண்ட்காரர் வயர் முடிச்சுகளுக்கு
ஷொப்பிங் பேக் சுற்றிக்கொண்டிருந்தார்.
அப்போதுதான் அந்தப் பையன் வந்தான்,
பொகவந்தலாவையிலிருந்து, ரெண்டு பஸ் மாறி.
மணிக்கட்டில் நாலு என்று பச்சை குத்தியிருந்தான்.
என் பாட்டின் நாலு.
"நாலாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா,
கூரைத் தகரந்தான் என் மொத ட்ரம்" என்று
நான் தொடங்குகிற நாலு.
சுற்றிலும் சிவப்பு இன்னும் ஆறவில்லை.

"அண்ணே, எந்தத் தோட்டம்னு ஒரு பாட்டுலயும் சொல்லலியே.
எந்த டிவிசன்? மேக்கணக்கா, கீக்கணக்கா?"

கொழும்பில் இதை யாரும் கேட்டதில்லை.
அங்கே தோட்டம் என்றால் போதும்,
எல்லாத் தோட்டமும் ஒரே தோட்டம்.
வெளிநாட்டிலிருந்து காசு போட்டவர் கேட்டதெல்லாம்
வீடியோவுக்கு முகத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கலாமா என்றுதான்.
ஆக்கினோம்.

வாயில் வந்த ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.
அவன் முகம் விரிந்தது.
"எங்கம்மா பொறந்தது அங்கதாண்ணே!
ஆனா... அங்க மூணு லயந்தானே?"
பிறகு எனக்காக அவனே வெட்கப்பட்டு,
"புதுசா கட்டியிருப்பாங்க" என்றான்.

புதிதாகக் கட்டியதுதான், தம்பி.
கட்டியவன் நான்.

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹேமசிறி பேக்கரி.
ஹேமசிறி என் அப்பா.
பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம்: சிங்களம்.
அம்மா தமிழ். லயத்தில் பிறந்தவள்தான்.
ஆனால் மாவில் கிடக்கும் முடியை எடுப்பதுபோல
அந்தச் சொல்லைப் பேச்சிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவாள்.
எனக்குச் சொன்னது செபமாலை,
போறணையில் பாண் தட்டு இழுக்கிறவர்.
விடிய ரெண்டு மணி, பாண் வேகும் நேரம்.
பெரட்டுக்களத்துச் சங்கு,
அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்த கால்கள்,
தீப்பிடித்த காம்பராவில்
தங்கச்சியின் ஸ்கூல் பேக் உருகி வாங்கில் ஒட்டிக்கிடந்தது.
அந்த பேக்கை என் தங்கச்சியுடையது ஆக்கினேன்.
எனக்குத் தங்கச்சி இல்லை.
பன்னிரண்டு லட்சம் பேர் அவளைக் கேட்டிருக்கிறார்கள்,
பாதிப்பேர் அழுதோம் என்று எழுதியிருந்தார்கள்.

பீட் ஓடியது. நான் தொடங்கவில்லை.
நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.
மேலே உள்ளதையெல்லாம் மைக்கில் சொன்னேன்,
இவ்வளவு ஒழுங்காக அல்ல.
தமிழில் தொடங்கி, நாக்கு உலர்ந்து,
நடுவில் சிங்களத்துக்குப் போய், திரும்பி.

ஊளையிட்டார்கள். ஒரு போத்தல் பறந்து வந்து
ஸ்பீக்கரில் பட்டது. தண்ணீர்ப் போத்தல்தான்.
முன்வரிசையில் ஒரு பிள்ளை,
"பரவால்ல, பாடுங்க" என்றாள்.
என்மேல் பட்டது அதுதான்.

கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள்,
அரைநாள் சம்பளம்.
அம்மா வாயிலிருந்து தவறி விழுந்த ஒரே தோட்டச் சொல் அது.
கணக்கில் நாற்பத்தெட்டு எடுத்து வந்த அன்று,
"அரைப்பேருதான்டா ஒனக்கு" என்றாள்.
அது என் ரத்தத்துக்குப் போட்ட பேர் என்று
வருசக்கணக்காக நம்பி
அப்பாவை மறைத்து மறைத்து முழுப்பேர் வாங்கினேன்.
ரத்தத்தை யாரும் தராசில் வைக்கவே இல்லை.
நான்தான் மழையில் நனைந்த சாக்கைக் கொண்டுபோய் வைத்தேன்,
ஈரத்துக்குக் கழிக்க மனசு வராத
சனங்களிடம்.

கடைசி பஸ் இஞ்சினைப் போட்டுவிட்டு நின்றது.
அவன் ஜன்னலோரம். ஜம்பர் கையை
மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தான்.
நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன்,
அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்தச் செபமாலைங்கிறவரு
எந்தத் தோட்டம்ணே?"

பஸ் மல்லியப்பூ வளைவு தாண்டும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.
ஆறு வருசம் அந்தப் போறணையடியில் உட்கார்ந்திருக்கிறேன்.
நான் கேட்டதே இல்லை.